ஆலோசனை மட்டும் சொல்லும் குழுவால் நோயாளிக்கு என்ன பயன்?

மருத்துவத்தில் வரும் அறச்சிக்கல்கள் பற்றி அரசுக்கு ஆலோசனை சொல்லும் குழுக்களுக்கு எந்த அதிகாரமும் இல்லையே, அப்புறம் எதற்கு அவை என்று கேட்டிருக்கிறீர்கள். என் அப்பா ஐசியூவில் இருந்த 11 நாட்களுக்கு முன்னால் கேட்டிருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

வென்டிலேட்டர் வைக்கலாமா என்று டாக்டர் கேட்டபோது அண்ணன் தயங்கினான். "வைத்துவிட்டால் பிறகு எடுக்க முடியாது. எடுத்தால் நாமே கொன்ற மாதிரி ஆகிவிடும்" என்றான். டாக்டர் சொன்னார்: "வைத்துப் பார்ப்போம். பலன் இல்லையென்றால் அப்போது பேசலாம். ஒன்று மட்டும் யோசியுங்கள், அப்பாவால் பேச முடிந்தால் என்ன சொல்வார்?"

இந்தப் பேச்சின் வேரைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் 1980 முதல் 1983 வரை இயங்கிய, மருத்துவ அறச்சிக்கல்களை ஆராய்ந்து ஆலோசனை சொன்ன அதிபர் ஆணையம் தன் 1983 அறிக்கையில் இதையெல்லாம் அலசியிருக்கிறது. சிகிச்சையைத் தொடங்காமல் விடுவதற்கும், தொடங்கியதை நிறுத்துவதற்கும் அறத்தின் பார்வையில் அதனளவில் வேறுபாடு இல்லை என்றது. வேறுபாடு உண்டு என்று நினைத்தால், நிறுத்த முடியாதே என்ற பயத்தில் பிழைக்க வைக்கக்கூடிய சிகிச்சையைக்கூடத் தொடங்கத் தயங்குவார்கள் என்பது அதன் வாதம். அண்ணனின் பயம் அப்படியே அதில் இருக்கிறது! பேச முடியாத நோயாளிக்காக முடிவெடுப்பவர், முடிந்தவரை அந்த நோயாளி எதை விரும்பியிருப்பார் என்று பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. எங்கள் டாக்டர் அந்த அறிக்கையைப் படித்தாரோ இல்லையோ, அந்தக் கேள்வி அவரிடம் தயாராக இருந்தது. அப்பா பிழைக்கவில்லை. ஆனால் அவருக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது.

ஆலோசனை சட்டமாவதும் உண்டு. பிரிட்டனில் தத்துவ அறிஞர் மேரி வார்னாக் தலைமையிலான அரசு ஆலோசனைக் குழு, மனிதக் கருவை 14 நாட்களுக்கு மேல் ஆய்வகத்தில் வளர்க்கக் கூடாது என்று 1984-ல் சொன்னது. 1990-ல் அது சட்டமானது.

குறை இல்லையா என்றால், பெரிய குறை இருக்கிறது. ஆட்சி மாறினால் குழுவும் மாறிவிடலாம். அமெரிக்காவில் 2009-ல் அதிபர் மாறியதும் அப்போதிருந்த மருத்துவ அறநெறி ஆலோசனைக் குழுவைக் கலைத்துப் புதிதாக ஒன்றை அமைத்தார்கள். இந்த விஷயத்தில் எனக்குப் பிரான்ஸைத்தான் பிடிக்கிறது. அங்கே 1983-ல் தொடங்கிய தேசிய அறநெறிக் குழு இன்னும் இயங்குகிறது. வாழ்வின் இறுதிக்கட்டம் பற்றி அது 2022-ல் கருத்து வெளியிட்ட பிறகு, குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த சாதாரண மக்கள் 184 பேரை உட்காரவைத்து மாதக்கணக்கில் விவாதிக்கச் செய்தார்கள். ஐசியூ வாசலில் காத்திருந்தவர்களும் அப்படிப் பேச வேண்டும், எல்லா நாட்டிலும்.