நீங்கள் பார்த்தது கொம்பேறி மூக்கன்தான்

வரப்போரம் வேலிக்கருவை மரத்தில் ஒல்லியான பழுப்புப் பாம்பு, முதுகு நெடுக வெண்கல நிறப் பட்டை, ஆள் அரவம் கேட்டதும் கிளைவிட்டுக் கிளை சரசரவென்று ஏறிவிட்டது, நேரம் காலை பத்து மணி என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த விவரமே போதும், அது கொம்பேறி மூக்கன். விஷமில்லாதது.

பச்சைப்பாம்பிலும் பழுப்பு நிறம் உண்டு என்பதால் ஒரு சின்ன சந்தேகம் வரலாம். ஆனால் அதன் மூக்கு ஊசிபோல் நீண்டிருக்கும், கண்மணி படுக்கைவாட்டுக் கோடாக இருக்கும், அவசரமும் படாது. கொம்பேறிக்குக் கண் பெரியது, மணி வட்டம். மிரண்டு உடம்பை உப்பும்போது செதில்களுக்கு நடுவே வெளிர்நீலம் தெரியும். உங்கள் படத்தில் கழுத்தருகே தெரிவது அதுதான். பல்லி, ஓணான், தவளைதான் இரை.

அப்புறம், உங்கள் பாட்டி சொன்ன கதை. கடித்துவிட்டு, ஆள் எரிகிற புகையைப் பார்க்க மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்குமாம்! எங்கள் ஊரிலும் இதே கதைதான். பாவம், அது மரத்திலேயே வாழ்கிற பாம்பு, வேறெங்கே போய் உட்காரும்? இந்தப் பெயருக்காகவே அடிபட்டுச் செத்தவை எத்தனையோ.

சரி, அடுத்த முறை படம் எடுக்க இவ்வளவு கிட்டே போகாதீர்கள். எந்தப் பாம்பு என்று தெரியாமல் கடி பட்டால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் நேரே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.