திருவாரூர் பக்கம் தனியாக இருக்கும் 68 வயது அத்தைக்கு சுகர், பிரஷர் மாத்திரைச் செலவை எப்படிக் குறைப்பது?

முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாயில் மாத்திரையும் வாங்கிச் சாப்பாட்டையும் பார்ப்பது நடக்காது. மன்னார்குடி பக்கம் என் பெரியம்மா மாத்திரையை அரிவாள்மணையில் பாதியாக வெட்டிக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தார், மாதக் கடைசி வரை வரட்டும் என்று. உங்கள் அத்தையும் அப்படிச் செய்கிறாரா என்று முதலில் டப்பாவைத் திறந்து பாருங்கள்.

சுகர், பிரஷர் இரண்டுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். ஒருமுறை காட்டிப் பதிந்துவிட்டால், 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். ஊருக்கு வரும் தன்னார்வலரைக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். நடவு, அறுப்பு நாளில் பஸ் ஏறிப் போக முடியாதவர்களுக்கு இது பெரிய உதவி.

சுகாதார நிலையத்தில் இல்லாத மருந்து என்றால், அரசுத் திட்டத்தில் குறைந்த விலைக்கு மருந்து விற்கும் முதல்வர் மருந்தகம் அல்லது மக்கள் மருந்தகத்தில் வாங்குங்கள். சீட்டில் கம்பெனிப் பெயருக்குப் பதில் மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். அதே மருந்து அங்கே குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் மாதாந்திர மாத்திரை வாங்க முடியாது. அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து பார்க்கும் வைத்தியத்துக்கு. ஆனாலும் எடுத்து வையுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் போதும். வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். அப்புறம், 70 வயது ஆனவர்களுக்கு வருமானம் பார்க்காமலே வருடம் 5 லட்சம் வரை வைத்தியம் பார்க்க மத்திய அரசின் ஆயுஷ்மான் காப்பீட்டு அட்டை உண்டு; அது உங்கள் பக்கம் கிடைக்கிறதா என்று அதே மையத்தில் கேளுங்கள்.