செப்டம்பர் எண் பலகைக்காகக் காத்திருக்கலாமா?

பிரிட்டனில் காரின் எண் பலகையில் உள்ள இரண்டு இலக்கம் அது எப்போது பதிவானது என்பதைக் காட்டும்: 2025 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை '25', செப்டம்பர் முதல் '75'. உங்களுக்கு ஆகஸ்ட் கடைசியில் கார் தயார். '25' பலகையோடு எடுப்பதா, செப்டம்பர் 1 வரை பொறுத்து '75' வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று ஆண்டுகளில் விற்றுவிடுபவர் என்றால் பொறுங்கள். பிரிட்டனில் பழைய கார் வாங்க வருபவரின் கண் முதலில் பலகையில்தான் விழும். பத்து ஆண்டு ஓட்டுவதாக இருந்தால் அந்த வித்தியாசம் கரைந்துவிடும். இப்போதே எடுங்கள், ஆனால் சும்மா எடுக்காதீர்கள். பழைய பலகைதானே என்று சொல்லி விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். விற்பனையாளர் தலையாட்டினால் போதாது, ஆர்டர் தாளில் தொகை இறங்க வேண்டும். இலவசத் தரைவிரிப்பைக் காட்டி மயக்குவார்கள், மசியாதீர்கள்.

காத்திருப்பதென்று முடிவெடுத்தால், ஒன்றைக் கவனியுங்கள்: பழைய காரைக் கொடுத்துப் புதியது எடுப்பவர்களின் கார்கள் செப்டம்பரில் குவியும், அதனால் உங்கள் காருக்கான விலையைக் குறைக்கப் பார்க்கலாம். உங்கள் பழைய காருக்குச் சொன்ன விலை அப்போதும் செல்லும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.