காட்டுச் செடிகளை அறிவதும் பதிவதும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தோட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். தேயிலை மலைகளின் ஓரத்திலும் கான் கரைகளிலும் காணும் செடிகளைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைக்கிறேன். அடையாளம் சொல்லும் செயலி, ஒரே செடிக்கு ஒவ்வொரு முறையும் வேறு பெயர் சொல்கிறது. எதை நம்புவது? தாவரவியல் படிக்காத என் குறிப்புகளால் யாருக்கேனும் பயன் உண்டா?
– வாசகி, அட்டன்

பதில்: நிச்சயமாகப் பயன் உண்டு. நீங்கள் இட்ட பெயர் பிழையானால் அதைப் பின்னர் வேறொருவர் திருத்திவிடலாம். எழுதாமல் விட்ட திகதியையும் இடத்தையும் எவராலும் சேர்க்க முடியாது. ஆகவே பெயர் தெரியும் வரை காத்திராமல், கண்ட அன்றே குறிப்பை எழுதிவிடுங்கள்.

செயலி தடுமாறுவதற்குக் காரணம், படத்தில் தெரிவதை மட்டுமே அது ஒப்பிட முடியும் என்பதுதான். பெரும்பாலோர் மேலிருந்து பூவை மட்டும் படமெடுக்கிறார்கள். நம் மலைகளில் மிகுதியாகக் காணப்படும், சிங்களத்தில் போவிட்டியா எனப்படும் ஊதாப்பூச் செடிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒஸ்பெக்கியா, மெலஸ்டோமா என்ற இரு பேரினங்களுக்கு (பேரினம் என்பது நெருங்கிய இனங்களின் தொகுதி) அந்தப் பெயர் வழங்குகிறது; இரண்டிலும் இலையின் அடியிலிருந்து நுனி வரை பல நரம்புகள் வளைந்து ஓடும், பூவும் தூரத்துக்கு ஒன்றாகவே தோன்றும். ஆனால் பூவின் உள்ளே இருக்கும் கேசரங்களை, அதாவது மகரந்தம் தாங்கும் இழைகளைப் பார்த்தால், மெலஸ்டோமாவில் நீண்டு வளைந்த கேசரங்களும் குட்டையான மஞ்சள் கேசரங்களும் எனக் கேசரங்கள் இரு வகையாக இருக்கும். ஒஸ்பெக்கியாவில் அவை ஏறக்குறைய ஒரே அளவினவாக இருக்கும். காயும் வேறு: ஒஸ்பெக்கியாவின் காய் உலர்ந்து வெடிக்கும், மெலஸ்டோமாவின் காயோ சதைப்பற்றுடன் பிளக்கும். இலை நரம்பில் இவற்றையே ஒத்து, சிறிய வெள்ளைப் பூவும் கருநீலப் பழமும் கொண்டிருந்தால், அது வெளியிலிருந்து வந்து பரவிய கிளிடேமியாவாக இருக்கலாம்.

எனவே ஒரு செடிக்கு ஒரு படம் போதாது. முழுச் செடி, இலையின் மேற்புறம், அடிப்புறம், இலைகள் தண்டில் சேரும் கணு, பூவின் முன்புறம், அதன் பக்கவாட்டில் தெரியும் புல்லிவட்டம் (இதழ்களுக்கு அடியிலுள்ள புற உறை), காய் இருந்தால் காய் என்று தனித்தனியாக எடுங்கள். அருகில் அளவுகோலொன்றை வையுங்கள். இவற்றுள் பலரும் மறந்துவிடுவது கணுவை. கோப்பிச் செடியின் கணுவை ஒரு முறை கூர்ந்து பாருங்கள்: இலைகள் எதிரெதிராக நிற்க, இரு காம்புகளுக்கும் நடுவே தண்டோடு ஒட்டிய சிறு முக்கோணச் செதில் தெரியும். பெயர் தெரியாத காட்டுச் செடியொன்றில் அதே அமைப்பைக் கண்டால், அது கோப்பிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம். குடும்பம் தெரிந்தாலே தேடல் பாதி முடிந்துவிடும்.

இனம் வரை போக முடியாதபோது பேரினத்தோடு நிறுத்துவதில் குறைவேதுமில்லை. ஆண்டுகள் பல கழித்து ஒன்றாகப் பூத்து மடியும் நெலுச் செடிகளில் (ஸ்ட்ரோபிலான்தஸ்) நம் மலைகளில் பல இனங்கள் உள்ளன. பூவில்லாத நெலுவுக்கு ஊகத்தில் இனப்பெயர் எழுதுவதை விட, பேரினப் பெயரோடு ‘பூவில்லை’ என்று எழுதுவதே மேல். நெலு பூத்த இடத்தையும் திகதியையும் தவறாமல் எழுதுங்கள்; அடுத்த பூப்பு எப்போது என்று கணிக்க அதுவே ஆதாரம். குறிப்பில் கடல்மட்டத்திலிருந்தான உயரம், நிழலா வெயிலா, ஈரமா வறட்சியா, அருகில் தேயிலையா மானாப் புல்லா காடா என்பனவும் வேண்டும். பூவின் நிறத்தையும் மணத்தையும் அங்கேயே எழுதுங்கள். லயத்து மூத்தவர்கள் ஒரு பெயர் சொன்னால் அதையும், எந்த ஊரில் கேட்டது என்பதையும் சேர்த்து வையுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க, தாவரவியலாளர் ஹென்றி ட்ரைமன் தொடங்கி, 1896இல் அவர் இறந்த பின் ஜோசப் ஹூக்கர் 1900இல் நிறைவுசெய்த இலங்கைத் தாவரக் கைந்நூலும், 1980 முதல் பல தொகுதிகளாக வெளிவந்த அதன் திருத்திய பதிப்பும் உள்ளன. இரண்டும் ஆங்கிலத்தில் இருப்பது தமிழ் மாணவருக்குப் பெரும் தடை என்பது எனக்கு உண்மையான வருத்தம். ஆயினும் பத்துப் பதினைந்து கலைச்சொற்களைப் படத்தோடு கற்றுவிட்டால், அவற்றின் பிரிப்பு அட்டவணைகளை (வேறுபாடுகளைப் படிப்படியாகக் கேட்டுச் செடியின் பெயருக்கு இட்டுச் செல்பவை) உங்கள் மாணவர்களாலும் பின்பற்ற முடியும்.

கேள்வி: ஹோட்டன் சமவெளியில் மஞ்சள் பூப் பூக்கும் முட்புதர் நம் நாட்டுச் செடியா? வெளிநாட்டுச் செடிகளையும் பதிய வேண்டுமா?
– வாசகர், நுவரெலியா

பதில்: அது ஐரோப்பாவைச் சேர்ந்த யூலெக்ஸ், இங்கு ஆக்கிரமிப்புச் செடி. அதன் விதைகள் மண்ணில் பல்லாண்டுகள் உயிரோடு கிடப்பதால், வெட்டிய இடத்திலேயே மீண்டும் முளைக்கும். அவசியம் பதியுங்கள். அத்தகைய செடி புதிய இடமொன்றில் முதலில் தென்படும்போதே தெரியவந்தால்தான் பிடுங்கி ஒழிப்பது எளிது.

கேள்வி: செடிகளைப் பறித்து உலர்த்தி வைக்கலாமா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: தேசிய பூங்காக்களிலும் ஒதுக்குக் காடுகளிலும் அனுமதியின்றி ஓர் இலையைக்கூட எடுக்கக் கூடாது, அங்கு படம் மட்டுமே. காட்டு ஓக்கிட்டுகளை எங்கு கண்டாலும் தொடாமல் விடுங்கள். வீட்டோரத்திலும் வழியோரத்திலும் மிகுதியாக வளரும் களைகளில், பூவும் காயும் உள்ள கிளையொன்றை எடுத்து, ஓர் இலையையாவது அடிப்புறம் தெரியத் திருப்பி, பத்திரிகைத் தாள்களுக்கிடையே பாரம் வைத்து அழுத்துங்கள். மலைநாட்டு ஈரத்தில் பூஞ்சணம் விரைவில் பிடிக்குமாதலால், தாளை நாள்தோறும் மாற்ற வேண்டும். உலர்ந்ததும் இடம், திகதி, பூவின் நிறம் எழுதிய துண்டை அதே தாளில் ஒட்டுங்கள். துண்டு தனியே போய்விட்டால் அந்த மாதிரியால் எந்தப் பயனும் இல்லை. பேராதனையிலுள்ள தேசிய உலர்தாவரத் தொகுப்பிலும் ஒவ்வொரு மாதிரியும் இத்தகைய விவரத் துண்டோடுதான் இருக்கிறது.