செம்பு என்று சொல்லி விற்ற வயர்: கேள்வி-பதில்

கேள்வி: 100 எம்பிபிஎஸ் இன்டர்நெட் பிளான் போட்டிருக்கிறேன். படம் இறக்கும்போது 12தான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா? (திங்கள்நகர்)

பதில்: இல்லை. கம்பெனி சொல்வது பிட், கம்ப்யூட்டர் காட்டுவது பைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். 100-ஐ எட்டால் வகுத்துப் பாருங்கள்.

கேள்வி: இரண்டு மாடி வீடு கட்டுகிறோம், இன்னும் பூசவில்லை. "இப்போ எல்லாம் வைஃபைதானே, லேன் வயர் எதுக்கு?" என்கிறார் எலக்ட்ரீஷியன். போடவா, வேண்டாமா? (மார்த்தாண்டம்)

பதில்: போடுங்கள். ரவுட்டரிலிருந்து நெட்டை நேராகக் கொண்டுபோவது லேன் வயர். காசு இடித்தால் பைப்பையாவது இப்போது பதித்துவிடுங்கள், வயரைப் பிறகு இழுத்துக்கொள்ளலாம். டிவி, மேஜைக் கம்ப்யூட்டர், சிசிடிவி பெட்டி எல்லாம் வைத்த இடத்தில் இருப்பவை, அவற்றுக்கு வயர். போனுக்கும் லேப்டாப்புக்கும் வைஃபை. ஆனால் மாடியில் வைஃபை உருப்படியாகக் கிடைக்கவும் வயர்தான் வேண்டும். வைஃபை பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலையில் வரும். கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைத் தாண்டுவதற்குள் 5 கிகாஹெர்ட்ஸ் அலை செத்துவிடும். 2.4 ஓரளவு ஏறும், ஆனால் வேகம் கிடைக்காது. கீழே ரவுட்டர் இருக்கும் இடத்திலிருந்து மாடி ஹாலுக்கு ஒரு வயரை ஏற்றி, அங்கே ஓர் ஆக்சஸ் பாயின்ட் வையுங்கள், வயரில் வரும் நெட்டை வைஃபையாக்கித் தரும் பெட்டி அது.

ஒரு இஞ்ச் பைப்பே போதும். கரண்ட் பைப்போடு சேர்க்க வேண்டாம், தனியாகப் போகட்டும். திருப்பங்களில் எல்போ வைக்காமல் பைப்பை வளைத்துக் கொண்டுபோகச் சொல்லுங்கள். உள்ளே ஒரு இழுகம்பியை விட்டுவைப்பது நல்லது. பூசி, பெயின்டும் அடித்த பிறகு வரும் கடிதங்களைப் படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது. நீங்கள் முன்னாலேயே கேட்டீர்கள், அதற்கே ஒரு கும்பிடு.

கேள்வி: ஆன்டெனா அதிகம் இருந்தால் சிக்னல் நன்றாக வருமா? (தக்கலை)

பதில்: என் வீட்டுப் பரணில் ஆறு கொம்பு வைத்த ரவுட்டர் ஒன்று கிடக்கிறது, வந்து பாருங்கள். பெட்டியில் 1200 என்று கொட்டை எழுத்து. 2.4-இன் 300, 5-இன் 867, இரண்டையும் கூட்டி வந்த கணக்கு அது. எந்தப் போனும் இரண்டையும் சேர்த்துக் குடிக்கப் போவதில்லை. பின்பக்க லேன் போர்ட்டோ 100-ஐத் தாண்டாது. கொம்பை எண்ணாமல், போர்ட் ஜிகாபிட்டா, அதாவது 1000 எம்பிபிஎஸ் ஓடுமா என்று கேளுங்கள்.

கேள்வி: நாகர்கோவிலில் ஒரு கடையில் "பியூர் காப்பர் கேட்6" என்று வாங்கி வீடு முழுக்கப் போட்டோம். 100-க்கு மேல் வேகம் ஏறவில்லை. டெக்னீஷியன் வெட்டிக் காட்டினார், உள்ளே வெள்ளையாக இருக்கிறது. கடைக்காரர் கொடுத்தது எஸ்டிமேட் சீட்டுதான். "வித்த சரக்கைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார். (வடசேரி)

பதில்: உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. பார்வைக்குச் செம்பாகத்தானே இருந்திருக்கும்! அலுமினியக் கம்பிக்கு மேலே மெல்லியதாகச் செம்பு பூசியது அது. சிசிஏ என்பார்கள். அதைச் செம்பு என்று சொல்லி விற்பது வியாபாரத் தந்திரம் அல்ல, சுத்தமான திருட்டு. கேட்6 என்பது லேன் வயரின் ஒரு தரம், அதற்குக் கம்பி முழுச் செம்பாக இருக்க வேண்டும், சிசிஏவுக்கு அந்தப் பெயரே பொருந்தாது. மின்தடை செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இரண்டு மூன்று முறை வளைத்தால் ஒடியும். ஜிகாபிட் ஓட, வயருக்குள் இருக்கும் எட்டுக் கம்பியும் உயிரோடு இருக்க வேண்டும். ஒன்று ஒடிந்தாலும் வேகம் 100-க்கு இறங்கிவிடும், இல்லை இணைப்பே போய்விடும். உங்கள் வீட்டில் நடந்தது பெரும்பாலும் இதுதான்.

எங்கள் வாசல் கேமராவுக்கும் இப்படி ஒரு வயர் வாய்த்தது. அதற்குக் கரண்டும் லேன் வயர் வழியாகத்தான் போகும். பகலெல்லாம் ஓடும், இருட்டினால் அணைந்துவிடும். இரவு விளக்கு எரியக் கூடுதல் கரண்ட் வேண்டும், அது இந்த வயர் வழியாக வந்து சேராது. நான் கேமராவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்!

வாங்கும்போது ஒரு முனையை வெட்டி, பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் சிவப்பாக இருந்தால் செம்பு. சுரண்ட விடாத கடைக்காரரிடம் வாங்காதீர்கள்.

இனி உங்கள் வழக்கு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராததே முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள சரக்கைப் பில்லில் சொன்ன நாளுக்குள், எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. எஸ்டிமேட் சீட்டு, பணம் அனுப்பிய ரசீது, மிச்ச வயர், அதன் உறையில் அச்சடித்த எழுத்தின் படம், எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். கடைக்கு ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமும் இல்லை. விடாதீர்கள்.

கேள்வி: பெட்ரூமில் சிக்னலே இல்லை. ஆன்லைனில் இரண்டு ரிப்பீட்டர் வாங்கி அங்கேயே வைத்தேன், இன்னும் மோசம். மூன்றாவதாக எதை வாங்கலாம்? (குளச்சல்)

பதில்: எதையும் வாங்க வேண்டாம். சிக்னல் இல்லாத இடத்தில் வைத்தால் அது எதை ரிப்பீட் பண்ணும்? பாதி வழியில் வைக்க வேண்டும். அப்போதும் ஒரே ரேடியோவில் வாங்கி, அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகும். இதெல்லாம் முதலாவதை வாங்குமுன் கேட்டிருக்க வேண்டியது. ரிப்பீட்டரில் லேன் போர்ட் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், ரவுட்டரிலிருந்து ஒரு வயர் இழுத்து அதை ஆக்சஸ் பாயின்ட்டாக மாற்றிக்கொள்ளலாம். இன்னொன்றை விற்றுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ரப்பர் விளைக்கு அந்தப்புறம் சித்தப்பா வீடு, அறுபது மீட்டர் இருக்கும். மரத்தில் கட்டி லேன் வயர் கொண்டுபோகலாமா? (குலசேகரம்)

பதில்: தூரம் பிரச்சினை இல்லை, 100 மீட்டர் வரை ஓடும். பிரச்சினை இடி. ஐப்பசியில் உங்கள் பக்கம் எப்படி இடிக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா? செம்பு வயர் அதை இரண்டு வீட்டுக்கும் பங்கு வைக்கும். கண்ணாடி இழையால் ஆன ஃபைபர் போட்டு, இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் வையுங்கள், ஃபைபரை லேன் வயரோடு இணைக்கும் பெட்டி அது. கண்ணாடியில் கரண்ட் ஓடாது. ஃபைபரோடு வரும் தாங்கு கம்பி இரும்பு, அதை வீட்டுக்குள் நுழையவிடாமல் வெளியிலேயே வெட்டி நிறுத்துங்கள். மழை இருட்டும்போது கரண்ட் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள், அந்த வழியாகவும் வரும்.

கேள்வி: நான் மட்டும்தான் இருக்கிறேன். பேரனோடு வீடியோ காலும் டிவியும் போதும். கல்ஃபில் இருக்கும் மகன் வீடு முழுக்க வயர் போடச் சொல்கிறான். (ஆரல்வாய்மொழி)

பதில்: வேண்டாம் அம்மா. ரவுட்டரை அலமாரிக்குள் ஒளிக்காமல் ஹாலில் உயரமாக வைத்தால் போதும். டிவி பக்கத்திலேயே இருந்தால் அதற்கு மட்டும் ஒரு சின்ன வயர். மகன் பணம் அனுப்பினால் ரவுட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் வாங்குங்கள், கரண்ட் போனாலும் ரவுட்டர் ஓடும். அடாப்டரில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கும், பெரும்பாலும் 12. அடாப்டரையே கடைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பில் கேளுங்கள்.