ஃபேர் ஐல் பின்னல்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ஃபேர் ஐல் தீவில் 1588-இல் கரை ஒதுங்கிய ஸ்பெயின் மாலுமிகள்தான் இந்த வண்ணப் பின்னலைக் கற்றுக்கொடுத்தார்களாமே?

பதில்: கப்பல் உடைந்தது உண்மை. எல் கிரான் கிரிஃபோன் என்பது அதன் பெயர். மாலுமிகள் சில வாரங்கள் தீவில் தங்கியதும் உண்மை. ஆனால் பின்னல் சொல்லிக்கொடுத்ததற்குச் சான்றே இல்லை. மிஞ்சியிருக்கும் பழைய மாதிரிகள் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னி, ஷெட்லாந்து என்ற இரு தீவுக்கூட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது இந்தத் தீவு. வடகடல், பால்டிக் கரைகளிலும் இதேபோன்ற கோலங்கள் உண்டு. வணிகக் கப்பல்கள் வந்துபோன கடல்வழி அது. தீவுப் பெண்களின் கைத்திறனுக்கான பெருமையை ஏன் மாலுமிகளுக்குக் கொடுக்க வேண்டும்?

கேள்வி: ஒரே வரிசையில் இத்தனை நிறங்களை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

பதில்: ஒரு வரிசைக்கு இரண்டே நிறம்தான்! சில வரிசைகளுக்கு ஒருமுறை பின்புல நிறத்தையோ கோலத்தின் நிறத்தையோ மாற்றுவதால்தான் பத்து நிறம் இருப்பதுபோலத் தெரிகிறது. பயன்படாத நூல் பின்பக்கமாக ஓடும். அதை இறுக்கி இழுத்தால் துணி சுருங்கிவிடும், நீளமாக விட்டால் விரல் மாட்டும். அதனால்தான் பழைய கோலங்களில் ஒரே நிறம் நாலைந்து கண்ணிகளுக்கு மேல் தொடர்வது குறைவு. பின்னால் ஓடும் அந்த நூல் இன்னொரு அடுக்காகிக் கதகதப்பும் தருகிறது.

கேள்வி: உலகப் புகழ் எப்போது வந்தது?

பதில்: வேல்ஸ் இளவரசர், அதாவது பின்னாளைய எட்டாம் எட்வர்ட், 1922-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் மைதானத்தில் இதை அணிந்தார். உடனே கிராக்கி ஏறியது. அதற்கு முந்தைய நிலையையும் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் ஷெட்லாந்து வியாபாரிகள் பின்னிய பெண்களுக்குக் காசுக்குப் பதிலாகத் தேயிலையும் துணியும் கொடுத்தார்கள். பிரிட்டிஷ் அரசே 1870களின் தொடக்கத்தில் இதை விசாரித்தது. ராத்திரியெல்லாம் பின்னியவள் கையில் காசு சேரவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

கேள்வி: பின்னி முடித்த ஸ்வெட்டரைக் கத்தரியால் வெட்டுவார்களாமே! ஆக்ரிலிக் நூலிலும் செய்யலாமா?

பதில்: வெட்டுவார்கள். உடம்பை உருளையாகச் சுற்றிப் பின்னி, கைகளுக்கான இடத்தை அப்புறம் வெட்டித் திறப்பார்கள். ஷெட்லாந்துக் கம்பளி இழைகள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்வதால் கண்ணிகள் எளிதில் அவிழாது. ஆக்ரிலிக் செயற்கை இழை, வழுக்கும், அதில் வெட்ட வேண்டாம். முதலில் ஒரு தொப்பி பின்னிப் பாருங்கள், அதில் வெட்டும் வேலையே இல்லை.