நாயைக் காப்பகத்தில் விடுவதா, வீட்டுக்கு ஆள் வைப்பதா?

கேள்வி: எங்கள் வீட்டில் 6 வயது ஆண் நாய் ஒன்றும் 3 வயது ஆண் பூனை ஒன்றும் இருக்கின்றன. குடும்பத்தோடு 12 நாட்கள் வெளியூர் செல்ல வேண்டியிருக்கிறது. எப்போதும் ஆட்கள் இருக்கும் காப்பகத்தில் இரண்டையும் விட்டுவிடலாம் என்கிறார் என் கணவர். தெரிந்த பெட் சிட்டர் ஒருவர் காலையும் மாலையும் வந்து அரை மணி நேரம் பார்த்துக்கொண்டால், இரண்டும் பழகிய வீட்டிலேயே இருக்குமே என்று எனக்குத் தோன்றுகிறது. நாய் இதுவரை எங்களைப் பிரிந்து ஓர் இரவுகூட இருந்ததில்லை. எது சரி?
– ஒரு வாசகி

பதில்: இரண்டு விலங்குகளுக்கும் ஒரே ஏற்பாடுதான் என்று நீங்கள் இருவருமே எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படி இருக்க வேண்டிய அவசியம் இல்லை. காப்பகமா, வீடா என்று இடத்தை வைத்து யோசிப்பதற்கு முன், “என் விலங்கு சாப்பிடாமல் போனால், சிறுநீர் கழிக்காமல் போனால், அதை முதலில் யார் கவனிப்பார், எத்தனை மணி நேரத்துக்குள் கவனிப்பார்?” என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் ஊரில் இல்லாதபோது உங்கள் பிராணியைக் காப்பாற்றப் போவது அந்தக் கவனிப்புதான்.

முதலில் பூனையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பூனைகள் மனிதரைவிட இடத்தோடு அதிகமாக ஒட்டி வாழ்பவை. தன் வாசனை படிந்த மூலைகளும், ஏறி உட்காரும் இடங்களும், ஒளிந்துகொள்ளும் இடங்களும் ஒரே நாளில் இல்லாமல் போவது அவற்றுக்குப் பெரிய அதிர்ச்சி. இந்த அதிர்ச்சி மனதோடு நின்றுவிடுவதில்லை. குட்டிப் பருவத்தில் பூனை ஹெர்பிஸ் வைரஸ் தொற்றிய பூனைகளில் பெரும்பாலானவை அதை வாழ்நாள் முழுவதும் உடலுக்குள் சுமந்துகொண்டிருக்கும். இடமாற்றம் போன்ற நெருக்கடி வரும்போது அந்த வைரஸ் விழித்துக்கொண்டு, ஏறத்தாழ ஒரு வாரம் கழித்துத் தும்மலும் கண்ணில் நீர் வடிதலுமாக வெளிப்படலாம். அந்தச் சமயத்தில் பக்கத்துக் கூண்டில் இருக்கும் பூனைக்கும் அது தொற்றும். எனவே, உங்கள் பூனை வீட்டிலேயே இருக்கட்டும்.

ஆனால் வீட்டில் விட்டால் மட்டும் போதாது. ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. பதற்றமான நாட்களில் அது அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு, முழுமையாக அடைத்துவிட்டால் சிகிச்சை இல்லாமல் 2, 3 நாட்களில் உயிர் போய்விடும். வந்தவுடன் கிண்ணத்தை நிரப்பிவிட்டு, சோபாவுக்கு அடியில் இருக்கும் பூனையை எட்டிப் பார்த்து, “சுகமாக இருக்கிறது” என்று செய்தி அனுப்பிவிட்டுப் போகிறவருக்கு இது தெரியவே தெரியாது. மணல் தட்டைக் கிளறிப் பார்ப்பவருக்குத்தான் தெரியும். வழக்கமாக நாளொன்றுக்கு 2, 3 ஈரக் கட்டிகள் இருக்கும் தட்டில், ஒரு நாள் முழுவதும் ஒன்றுகூட இல்லை, அல்லது சுண்டைக்காய் அளவில் சிறு சிறு துளிகளாகவே இருக்கின்றன, பூனை தட்டில் குந்தி முக்கிக்கொண்டே இருக்கிறது என்றால், மறுநாள் வரை காத்திருக்காமல் அப்போதே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். உணவும் அப்படித்தான். பூனை, அதிலும் பருத்த பூனை, சில நாட்கள் தொடர்ந்து சாப்பிடாமல் இருந்தால் கல்லீரலில் கொழுப்பு தேங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். தட்டில் கண்ட கட்டிகளின் எண்ணிக்கையையும், கிண்ணத்தில் மீந்த உணவின் அளவையும் தினமும் குறித்து அனுப்பும்படி சிட்டரிடம் சொல்லுங்கள். பூனையின் புகைப்படம் கண்ணுக்கு ஆறுதல் தரும், அந்தக் குறிப்புதான் உண்மையைச் சொல்லும்.

நாயின் நிலைமை வேறு. காலையும் மாலையும் அரை மணி நேரம் ஒருவர் வந்து போனால், மீதி 23 மணி நேரமும் அது தனியாக இருக்கும். தனிமைக்குப் பழகிய நாய்க்கே 12 நாட்களுக்கு இது கடினம். ஓர் இரவுகூட உங்களைப் பிரிந்திராத நாய்க்கு இது தண்டனை. இப்படிப்பட்ட நாய்கள் கதவைப் பிராண்டி நகத்தைப் பெயர்த்துக்கொள்வதும், விடாமல் குரைத்துக்கொண்டும் ஊளையிட்டுக்கொண்டும் இருப்பதும், ஆள் வந்து கதவைத் திறந்த நொடியில் காலிடுக்கில் நுழைந்து வெளியே ஓடிவிடுவதும் சிகிச்சைக்கு வருபவர்கள் அடிக்கடி சொல்லும் கதைகள். பழகிய இடம் என்பதற்காக மட்டும் அது அமைதியாக இருந்துவிடாது, ஏனென்றால் உங்கள் நாய்க்கு வீடு என்பது பெரும்பகுதி நீங்கள்தான்.

ஆகவே நாய்க்கு என் முதல் விருப்பம், உங்களுக்குத் தெரிந்த அந்த சிட்டரால் முடிந்தால் 12 இரவும் உங்கள் வீட்டிலேயே தங்குவது. அப்படித் தங்க ஒருவர் கிடைத்தால் பூனைக்கும் அதைவிட நல்லது இல்லை. முடியாது என்றால், நாயை மட்டும் காப்பகத்தில் விடுங்கள். அந்த விஷயத்தில் உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. ஆனால் “எப்போதும் ஆட்கள் இருப்பார்கள்” என்று அவர் நம்புவதை மட்டும் நேரில் போய் உறுதி செய்துகொள்ளுங்கள். பகலில் பலர் வேலை செய்யும் காப்பகங்களில், இரவு கதவைப் பூட்டிவிட்டு எல்லோரும் போய்விடுவதும் உண்டு. மார்பு குறுகலாகவும் ஆழமாகவும் உள்ள பெரிய இன நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் கோளாறு வந்தால், வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல் தவிக்கும் அந்த நாயை ஒருவர் பார்த்து மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல இருப்பது சில மணி நேரமே. இரவில் காப்பகத்துக்குள்ளேயே ஒருவர் தூங்குகிறாரா, வெறும் கேமரா மட்டும் இருக்கிறதா என்று கேளுங்கள். கேமரா நாயை மருத்துவமனைக்குத் தூக்கிப் போகாது.

காப்பகத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு முறை போய்ப் பாருங்கள். நாய்கள் இருக்கும் பகுதிக்குள் அழைத்துப் போகத் தயங்கினால் அந்த இடம் வேண்டாம். உள்ளே நுழைந்ததும் மூத்திர நெடி கண்ணை எரிக்கிறதா, காற்றோட்டம் இருக்கிறதா, வாசலுக்கும் கூண்டுகளுக்கும் நடுவே இரண்டாவது கதவு இருக்கிறதா, ஒரு நாய் சாப்பிடும் கிண்ணம் கழுவாமல் இன்னொன்றுக்குப் போகிறதா என்று கவனியுங்கள். சத்தத்தையும் கவனியுங்கள்: நாய்க் கூடங்களில் இரைச்சல் 100 டெசிபெலைத் தாண்டுவது அளந்து பார்க்கப்பட்ட உண்மை, 8 மணி நேர வேலைக்கு மனிதக் காதுக்குப் பரிந்துரைக்கப்படும் வரம்போ 85 டெசிபெல்தான். இடிச் சத்தத்துக்கே நடுங்கும் நாயாக இருந்தால், சிறிய, ஒரு சில நாய்களை மட்டுமே வைத்துக்கொள்ளும் இடத்தைத் தேடுங்கள்.

தடுப்பூசி அட்டையைக் கேட்காத காப்பகத்தில் நாயை விடவே கூடாது. உங்களிடம் கேட்கவில்லை என்றால் மற்றவர்களிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். வெறிநோய், டிஸ்டெம்பர், பார்வோ ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளோடு, பல நாய்கள் கூடும் இடங்களில் பரவும் கென்னல் காஃப் என்ற தொற்று இருமலுக்கான தடுப்பு மருந்தும் தேவை. மூக்கில் விடும் மருந்து ஏறத்தாழ 3 நாட்களில் பாதுகாப்பு தரத் தொடங்கும். ஊசியாக முதல் முறை போடுவதென்றால் 2 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு தவணைகள் வேண்டும். பயணத்துக்கு முதல் நாள் மாலை ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் காலை காப்பகத்தில் விடுவதால் பயன் இல்லை. இன்றே உங்கள் மருத்துவரைப் பாருங்கள்.

எந்த ஏற்பாடாக இருந்தாலும், பயணத்துக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பாவது ஓர் இரவு ஒத்திகை பாருங்கள். காப்பகம் என்றால் நாயை அங்கே ஓர் இரவு விட்டு, மறுநாள் அது சாப்பிட்டதா, மலம் எப்படி இருந்தது, எங்கே படுத்திருந்தது என்று விசாரியுங்கள். விவரமாகப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் கவனித்திருக்கிறார்கள் என்று பொருள். சிட்டர் என்றால் நீங்கள் ஓர் இரவு வெளியே தங்கிப் பாருங்கள். முதல் வேளை உணவை நாய் தொடாமல் இருப்பது இயல்பே. இரண்டாம் நாளும் தொடவில்லை என்றால் வேறு ஏற்பாடு யோசிக்க உங்களுக்கு இன்னும் அவகாசம் இருக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டு 11 வயது நாய்க்குச் சர்க்கரை நோய். தினமும் இரண்டு வேளை இன்சுலின் போடுகிறோம். பக்கத்து வீட்டு மாணவர் ஊசி போடக் கற்றுக்கொள்வதாகச் சொல்கிறார். நம்பி விடலாமா?
– ஒரு வாசகர்

பதில்: ஊசியைத் தோலுக்கு அடியில் குத்துவதை அவர் ஓரிரு நாட்களில் கற்றுக்கொண்டுவிடுவார். கடினமானது, எப்போது முழு அளவு போடக் கூடாது என்று தெரிந்துகொள்வது. நாய் சாப்பிடவில்லை, அல்லது சாப்பிட்டதை வாந்தி எடுத்துவிட்டது என்ற நிலையில் வழக்கமான அளவைப் போட்டால், இரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாகக் குறைந்து, தள்ளாட்டம், சோர்வு, வலிப்பு என்று போய்விடும். முதலில் உணவு, சாப்பிட்டதைப் பார்த்த பிறகு ஊசி, சாப்பிடவில்லை என்றால் ஊசியைக் கையில் எடுக்காமல் மருத்துவருக்குத் தொலைபேசி என்ற வரிசையை எழுதி அவரிடம் கொடுங்கள். போட்டோமா இல்லையா என்ற சந்தேகம் வந்தால் மறுபடி போடவே கூடாது. ஒரு வேளை தவறுவதைவிட இரண்டு முறை போடுவது பல மடங்கு ஆபத்து. நாய் தள்ளாடினால் ஈறில் சர்க்கரைப் பாகைத் தடவிவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும். 12 மணி நேர இடைவெளி தவறாமல் அவரால் வர முடியாது என்றால், கால்நடை மருத்துவமனையை ஒட்டியே நடக்கும் காப்பகம்தான் உங்கள் நாய்க்கு ஏற்றது. வயதான நாய் புது இடத்தில் கொஞ்சம் வாடும்தான், ஆனால் இந்த நோய்க்கு அந்த வாட்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: 10 வார நாய்க்குட்டியைக் காப்பகத்தில் விடலாமா?
– ஒரு வாசகி

பதில்: வேண்டாம். குட்டிகளுக்கான தடுப்பூசித் தவணைகள் 16 வாரம் வரை நீள்கின்றன. அதற்கு முன் அதன் பாதுகாப்பு முழுமையானது அல்ல. பார்வோ வைரஸ் மண்ணிலும் தரையிலும் பல மாதங்கள் உயிர்ப்போடு இருக்கும், சாதாரணக் கிருமிநாசினிகள் பலவற்றுக்கு அசையாது. வீட்டுக்கு வருபவரும் வேறு நாய்களைப் பார்த்துவிட்டு வருபவராக இருந்தால், செருப்பை வெளியே விட்டு, கையைச் சோப்பால் கழுவிய பிறகே குட்டியைத் தொட வேண்டும்.

கேள்வி: காப்பகத்திலிருந்து அழைத்து வந்த 5 நாட்களில் எங்கள் நாய்க்கு வறட்டு இருமல் வந்திருக்கிறது. தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல் இருமிவிட்டுக் கடைசியில் நுரையாகத் துப்புகிறது. நன்றாகத்தான் சாப்பிடுகிறது. பயப்பட வேண்டுமா?
– ஒரு வாசகர்

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்கள் கென்னல் காஃபுக்குப் பொருந்துகின்றன, தொற்றிய 2 முதல் 14 நாட்களுக்குள் இது தலைகாட்டும். நன்றாகச் சாப்பிட்டு, விளையாடிக்கொண்டிருக்கும் நாய்க்குப் பெரும்பாலும் 2, 3 வாரங்களில் தானாகவே குறைந்துவிடும். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மார்புப் பட்டையைப் போடுங்கள், ஏனென்றால் தொண்டையில் அழுத்தம் பட்டாலே இருமல் கிளம்பும். மற்ற நாய்களோடு சேர விடாதீர்கள். காய்ச்சல், மூச்சு வாங்குதல், சாப்பிட மறுத்தல், மூக்கில் கெட்டியான சளி ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். மருத்துவமனைக்குப் போகும்போது இருமும் நாய் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, அழைக்கும் வரை வாசலுக்கு வெளியே காத்திருங்கள். காப்பகத்துக்கும் இன்றே தெரியப்படுத்துங்கள். அதே நாட்களில் அங்கே இருந்த மற்ற நாய்களின் வீட்டாருக்கு அவர்கள் சொல்லியாக வேண்டும்.